ஒரே ஆள்

ஐந்தாம் வார்டின் பூட்டைத் திறந்தபோது காலை பத்து மணிகூட ஆகவில்லை. வராந்தாவில் நல்ல வெயில். கதவுதான் நகர மாட்டேன் என்றது. காவலாளி தோளால் இரண்டு முட்டு முட்டிய பிறகு வழிவிட்டது. உள்ளேயிருந்து பினாயில், ஈரத் துணி, துருப்பிடித்த இரும்பு எல்லாம் கலந்த வாடை வந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. வியர்த்துப்போய் நெடுநேரம் படுத்திருக்கிற உடம்பின் வாடை. அந்த வார்டை மூடி ஆறு வருடம் ஆகியிருந்தது.

காவலாளி சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ஜன்னல்களில் பலகை அடித்திருந்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. தரகர் இரண்டடி எடுத்து வைத்து, இடது பக்கத் தூணுக்குப் பின்னால் கையை விட்டு, விளக்கைப் போட்டார்.

"முன்னாடியே வந்திருக்கீங்களா சார்?" என்று பின்னால் நின்றிருந்தவள் கேட்டாள்.

"இல்லையே," என்றார்.

அந்த அறையில் அவர் சொன்ன முதல் பொய் அது இல்லை.

தரகர் என்பது ஆபீஸ் வைத்த பட்டப்பெயர். அவர் புள்ளியியல் துறைக்காரர். ஒரு பட்டியலில் இருக்கும் ஆளும் இன்னொரு பட்டியலில் இருக்கும் ஆளும் ஒருவர்தானா என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை. நாளெல்லாம் ஜோடி சேர்க்கிற மனுஷனுக்கு நாற்பத்தொன்பது வயது வரை ஒரு ஜோடி அமையவில்லை என்கிற கேலியும் அந்தப் பெயருக்குள் இருந்தது. அவர் கோபித்துக்கொண்டதில்லை. கூட வந்தவளுக்கு மின்னல் என்று பெயர் வைத்திருந்தார்கள். கீபோர்டில் அவள் விரல் போகிற வேகம் அப்படி. எழுத்துதான் கண்ணில் படும், பெயர் மனசில் நிற்காது என்று அவளே சொல்வாள்.

வேலை இதுதான். நகரத்தில் காணாமல் போனவர்கள் என்று போலீஸ் வைத்திருந்த பட்டியலில் பதினோராயிரம் பேர். ஆஸ்பத்திரிகளில் இறந்து, உடலைக் கேட்டு யாரும் வராதவர்கள் தனியாகப் பழைய ரிஜிஸ்டர்களில் கிடந்தார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஒருத்தி வருடக்கணக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் தேடுகிற ஆள் எட்டுத் தெரு தள்ளி ஒரு ரிஜிஸ்டரில் முடிந்துபோயிருப்பார். ஐந்தாம் வார்டில்தான் ரிஜிஸ்டர்களை அடுக்கியிருந்தார்கள். இந்த ஆஸ்பத்திரி வேண்டாம், தூசி ஒத்துக்காது என்று தரகர் நழுவிப் பார்த்தார். இயக்குநர் விடவில்லை. உண்மைக் காரணத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

முதல் நாள் மாலையே, மின்னல் கிளம்பிப் போன பிறகு, அவர் அலமாரிகளைத் துழாவி ஒரு குறிப்பிட்ட வருடத்து ரிஜிஸ்டரைக் கண்டுபிடித்தார். பதினோரு வருடத்துக்கு முந்தையது. கையில் எடுத்தார். திறக்கத் துணிவில்லை. இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் அதைச் செருகிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மூன்று வாரம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. மின்னல் தட்டினாள், அவர் ஜோடி சேர்த்தார். கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஜோடிக்கும் மதிப்பெண் போடும். பெயர் ஒத்துப்போனால் இத்தனை, பிறந்த தேதி ஒத்துப்போனால் இத்தனை. தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கிற பெயர் என்றால் மதிப்பெண் குறைவு. எங்கோ ஒருவருக்கு இருக்கிற பெயர் என்றால் அதிகம். ஒத்துப்போகாததற்குக் கழிவு. மொத்தம் இருபதைத் தாண்டினால் 'ஒரே ஆள்'. எட்டுக்குக் கீழே போனால் 'வேறு ஆள்'. நடுவில் கிடக்கிறவர்களை மனிதக் கண் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அந்தக் கண் தரகருடையது. அவர் அழுத்துகிற பொத்தான்தான் கடைசி வார்த்தை.

நாலாவது திங்கட்கிழமை அவர் உள்ளே நுழைந்தபோது மின்னல் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் மேஜையில் விரிந்து கிடந்தது அந்த ரிஜிஸ்டர்.

"இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"நீங்கதானே சார் கொண்டாந்து வச்சீங்க?"

"நானா?"

"நான் வரும்போது உள்ள நின்னுட்டிருந்தீங்க. குட் மார்னிங் சொன்னேன், திரும்பக்கூட இல்ல. இத வச்சுட்டு அந்தப் பக்கம் போனீங்க."

அவள் கை காட்டிய பக்கம் வெறும் சுவர்தான் இருந்தது.

இனி அந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

தரகருக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் ஒருவன் இருந்தான். இருபது வயதுக்கு மேல் அவன் புத்தி கொஞ்சம் கொஞ்சமாகத் தடுமாறியது. நல்ல நாட்களில் தம்பியின் ஷூவைப் பளபளவென்று துடைத்து வைப்பான். கெட்ட நாட்களில் தெருவில் சட்டையில்லாமல் நின்று மின்கம்பத்தோடு பேசுவான். பதினோரு வருடத்துக்கு முன்னால் அம்மா விழுந்து இடுப்பு உடைந்து படுத்தாள்; அதே மாதம் அண்ணன் இரண்டு தடவை அடுப்பு கேஸைத் திறந்துவிட்டான். மூன்று வாரம் தம்பி கண்ணை மூடவில்லை. கடைசியில் ஒருநாள் அண்ணனை பஸ்ஸில் ஏற்றி இங்கே கூட்டிவந்தார்.

அலுவலக அட்டை வைத்திருப்பவருக்கு அன்றைக்கே படுக்கை. இல்லாதவர்கள் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அண்ணனிடம் எந்த அட்டையும் கிடையாது. தம்பி தன் அட்டையை நீட்டினார். ஒரே முகஜாடை, கவுன்ட்டரில் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. அப்படி அண்ணன் தம்பியின் பெயரில், தம்பியின் பிறந்த தேதியில் இதே ஐந்தாம் வார்டில் படுக்கைக்குப் போனான். விஷயம் வீடு வரை வந்துவிடக் கூடாதே என்று முகவரியில் இல்லாத கதவு எண் ஒன்றை எழுதினார். 'அழைத்து வந்தவர், உறவு' என்று ஒரு கோடு இருந்தது. நோயாளியே தான்தான் என்று எழுதியாகிவிட்டது. தம்பி என்று எப்படி எழுதுவது? 'தெரிந்தவர்' என்று எழுதிக் கிறுக்கலாகக் கையெழுத்துப் போட்டார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கிளம்பலாமா என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று தம்பி சொன்னார்.

அந்த ஞாயிறு முழுக்க அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். அடுத்த ஞாயிறு, போன வாரம் வரவில்லையே என்ன சொல்வது என்று வெட்கமாக இருந்தது. மூன்றாவது ஞாயிறு பஸ் ஏறினார். ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, எதிர் பஸ்ஸில் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அந்த வெட்கம் கனத்துக்கொண்டே போனது. அம்மாவிடம், பஸ்ஸிலிருந்து இறங்கிக் கூட்டத்தில் எங்கேயோ போய்விட்டான் என்று சொல்லியிருந்தார். அம்மா படுத்த படுக்கையில் சொல்லச் சொல்ல, காணவில்லை என்கிற புகாரை எழுதியதும் அவரேதான். இடது காது மடல் கிழிந்திருக்கும். வலது கைச் சுண்டுவிரல் வளைந்திருக்கும். தேடாமல் இருக்கும் வரை அண்ணன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. அப்படியே பதினோரு வருடம் ஓட்டிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த ஜோடி அவர் திரையில் வந்தது.

பெயர் ஒத்துப்போகவில்லை. முகவரி ஒத்துப்போகவில்லை. காது மடல் ஒத்தது. சுண்டுவிரல் ஒத்தது. வயது கிட்டத்தட்ட ஒத்தது. மதிப்பெண் பதின்மூன்று. நட்டநடுவில் கிடந்தான் அண்ணன்.

தரகர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். அவர் எழுதிய படிவத்தை அந்தப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். 'தெரிந்தவர்.' அதற்குக் கீழே வேறு யாருடைய கையெழுத்திலோ இரண்டு வரி. நாற்பத்து மூன்றாம் நாள், காய்ச்சல், காலமானார். முகவரிக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது.

பத்தடி தள்ளி மின்னல் இருந்தாள். அவரால் அழக்கூட முடியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்குவாளா? கவுன்ட்டரில் செய்த மோசடி வெளியே வந்தால் ஆபீஸில் எந்த முகத்தோடு நடப்பது? செத்தவனுக்கு இனி என்ன ஆகப்போகிறது? இப்படி ஒவ்வொன்றாகத் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, விரலை நீட்டி அழுத்தினார்.

'வேறு ஆள்.'

எங்கோ ஒரு கட்டில் கிரீச்சிட்டது.

மின்னல் தட்டுவதை நிறுத்தாமல், "என்ன சத்தம் சார்?" என்றாள். பெருச்சாளியாக இருக்கும் என்றார் அவர். கட்டில்களையெல்லாம் வார்டை மூடும்போதே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் படுக்கை எண்கள் மட்டும்தான் மிச்சம்.

மத்தியானம் அடுத்த கட்டம். யாரோடும் ஜோடி சேராமல் மிஞ்சுகிற இறந்தவர்களை, தவறுதலாக எழுதியிருக்கிறார்களோ என்று சரிபார்க்க, உயிரோடு இருப்பவர்களின் பட்டியலோடு கம்ப்யூட்டர் தானே ஒப்பிடும். இந்த முறையை வகுத்தவரே தரகர்தான். காலையில் அந்தப் பொத்தானை அழுத்தியபோது அவருக்கு இது நினைவுக்கு வரவில்லை.

மின்னல் திரையைப் பார்த்துச் சிரித்தாள். "சார், இங்க வாங்க. நீங்க செத்துட்டீங்க."

பெயர் ஒன்று. பிறந்த தேதி ஒன்று. அட்டை எண்ணும் ஒன்று. மதிப்பெண் நாற்பத்தொன்று. அந்த மூன்று வாரத்தில் எந்த ஜோடியும் முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை. 'ஒரே ஆள்' என்று எழுதியிருந்தது. மனிதக் கண் தேவையில்லை என்றும் எழுதியிருந்தது.

அவரும் சிரித்து வைத்தார். எங்கோ தப்பு என்று சொல்லி அந்த ஜோடியை அழித்தார். மறுபடி ஓட்டினார். மறுபடி வந்தது. மூன்றாம் தடவையும் அழித்தார்.

நாலு மணிக்குக் கரன்ட் போனது. பழைய நாளில் பார்வையாளர்களை உள்ளே விடுகிற நேரம் அது. காவலாளியைக் கேட்டுவருகிறேன் என்று மின்னல் வெளியே போனாள். கதவு அவள் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. பலகை இடுக்குகளில் மட்டும் வெயில் கோடுகோடாக நின்றது.

கட்டில் மறுபடி கிரீச்சிட்டது. நெடுநேரம் படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தால் எழுகிற சத்தம்.

பிறகு ரப்பர் செருப்பு. ஒரு காலை வைத்து, மறு காலை இழுத்து.

வெயில் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்து, ஒவ்வொன்றாக மறுபடி எரிந்தன. ஏதோ அவற்றைக் கடந்து வந்துகொண்டிருந்தது.

வியர்வை வாடை நாற்காலியின் முதுகை எட்டியது.

நின்றது.

"கௌம்பலாமா?"

தரகர் திரும்பவில்லை. பயம் இருந்தது. ஆனால் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமே என்கிற வெட்கம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை குனிந்தபடி, விளக்கு வருகிற வரை உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து வெளிப் பூட்டைத் திறந்தார். காலையில் அம்மாவுக்கு எல்லாம் எடுத்து வைத்து, வெளியே பூட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். சாவி அவரிடம் மட்டும்தான் உண்டு. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மங்கி வருடங்களாகிவிட்டன. ஆள் அசைவதுதான் தெரியும்.

"எதையாவது மறந்துட்டியா?" என்றாள்.

"என்னம்மா?"

"இப்பத்தான வந்துட்டுப் போன. தலைமாட்டுல நின்ன. கௌம்பலாமான்னு கேட்ட. எங்கடான்னேன், பதிலக் காணோம்."

அவள் பக்கத்தில் ஒரு துணிப்பை இருந்தது. மாற்றுத் துணி, சீப்பு, மாத்திரை டப்பா எல்லாம் அழகாக அடுக்கி வைத்திருந்தாள். யாரும் பிடித்துக்கொள்ளாமல் நாலடி நடக்க முடியாத அம்மா, அலமாரி வரை போய் எடுத்து வந்திருந்தாள்.

அது தன்னை என்ன செய்தாலும் சரி என்று தரகர் நினைத்திருந்தார். அம்மாவைக் கூப்பிடும் என்று நினைக்கவில்லை.

தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பஸ், கவுன்ட்டர், அட்டை, போகாத ஞாயிற்றுக்கிழமைகள், காலையில் அழுத்திய பொத்தான், ஒன்றையும் விடவில்லை. அம்மா குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் கேட்டாள்.

"எத்தன நாள் இருந்தான் அங்க?"

"நாப்பத்து மூணு நாள்."

"உன் பேர்லயா?"

"ஆமாம்மா."

"அப்ப அவன யாரும் அவன் பேரச் சொல்லிக் கூப்பிடவே இல்லையா? காய்ச்சல்ல கிடந்தப்பக்கூட உன் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்களா?"

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வார்டுக்குப் போனதும் முதலில் மின்னலிடம் சொன்னார். தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. மூன்று வாரத்தில் அவள் கை சும்மா இருந்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்ப நான் குட் மார்னிங் சொன்னது..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. நாற்காலியை எடுத்துக் கதவுப் பக்கம் போட்டுக்கொண்டாள்.

அவர் அண்ணனின் ஜோடியைத் திறந்து 'ஒரே ஆள்' என்று அழுத்தினார். அண்ணனின் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தார். பிறகு இயக்குநருக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினார். இயக்குநர் போனில் திட்டவில்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது. நீங்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்த எல்லா ஜோடிகளையும் இனி வேறொருவர் முதலிலிருந்து பார்க்க வேண்டும், அந்தக் குடும்பங்களுக்கு நான் என்ன சொல்வேன் என்று மட்டும் கேட்டார். ஆயிரத்து அறுநூறு ஜோடிகள். பார்த்ததில் இரண்டு தப்பாக இருந்தன. அண்ணனுடையது அந்தக் கணக்கில் சேராது. தரகரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மேஜையைக் காலி செய்யப் போன அன்று யாரும் அவரைத் தரகர் என்று கூப்பிடவில்லை. வேறு எந்தப் பெயரிலும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வார்டில் எந்தச் சத்தமும் இல்லை என்று மின்னல் ஒருமுறை போனில் சொன்னாள். வீட்டுக்கும் யாரும் வரவில்லை. அம்மாவின் துணிப்பை மட்டும் எடுத்து வைக்கப்படாமல் அப்படியே கிடந்தது.

கேட்பாரில்லாதவர்களைப் புதைக்கிற இடம் நகரத்தின் ஓரத்தில் இருந்தது. வரிசை வரிசையாகச் சிமென்ட் கற்கள்; கற்களில் எண்கள். சக்கர நாற்காலியில் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனார். அண்ணனின் எண் இருந்த கல்லைத் தடவிப் பார்த்த அம்மா, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். மூன்று தடவை கூப்பிட்டாள். தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டாள்.

"காதுல விழலடா அவனுக்கு," என்றாள். "யாரையோ கூப்பிடறாங்கன்னு நெனைக்கிறான்."

திருத்திய இறப்புச் சான்றிதழ் ஒரு மாதத்தில் வந்தது. அண்ணனின் பெயர், அண்ணனின் பிறந்த தேதி. எல்லாப் பட்டியல்களிலும் தரகர் மறுபடி உயிரோடு இருப்பவர் ஆனார். வீட்டில்தான் அப்படி ஆகவில்லை. அன்றைக்குச் சொன்னதிலிருந்து அம்மா அவர் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டாள். தண்ணீர் வேண்டும் என்பாள், ஜன்னலைச் சாத்தணும் என்பாள். யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்று தெரியாது. அவர் எழுந்து செய்வார். அதுவே தனக்கு அதிகம் என்று நினைத்துக்கொள்வார்.

ஒருநாள் மத்தியானம் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அறைக்குள்ளிருந்து அம்மா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

சுருக்கிச் செல்லமாக, சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரியே.

கையைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஈரக் கையோடு ஓடிப்போய் வாசற்படியில் நின்று, "என்னம்மா?" என்றார்.

அம்மா அவர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. கட்டிலின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பதினோரு வருடமாக இல்லாத ஒரு நிம்மதி. மெல்லக் கால்களை மடக்கி, யாருக்கோ இடம் விட்டாள்.

"உன்னக் கூப்பிடல," என்றாள்.

மெத்தையின் ஓரம், ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு, மெதுவாக அமுங்கியது.